உப்புக் கை

சிலருக்குக் கைராசி என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்துக் கடைத் தச்சருக்கு இருந்தது கையில் உப்பு. அவர் தொட்ட இரும்பு அடுத்த நாளே துருப்பிடிக்கும். நான் கதை விடவில்லை. ஒருமுறை என் கத்திரிக்கோலை இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தார். காலையில் பார்த்தால் பிடி முழுக்கப் பழுப்புப் புள்ளி. அதற்கப்புறம் அவர் எதையாவது கேட்டு வந்தால், தகரமும் இரும்பும் இல்லாததாகத் தேடிக் கொடுப்பேன்.

மனுஷனுக்கு உள்ளங்கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். வெயிலில் வேர்ப்பது எல்லோருக்கும்தான். அவருக்கு அடைமழையிலும் வேர்க்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் பிழைத்த பிழைப்போ, இரும்பு இழைப்புளியைப் பிடித்துத் தள்ளுகிற பிழைப்பு. மில்லில் மெஷினில் சீவி வரும் பலகையில் கண்ணுக்குத் தெரியாத அலை அலையாக ஒரு மேடு பள்ளம் இருக்குமாம். அதைக் கையால் ஓர் இழைப்பு இழைத்தால்தான் மேசை மேசையாக இருக்கும் என்பார். மூன்று இழைப்புளி வைத்திருந்தார், நீளமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒன்று. என் தையல் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்; வாசல் பக்கம் எட்டிப் பார்த்தால் பட்டறை முழுக்கத் தெரியும். அந்தப் பக்கம் அவர் இழைக்கிற சத்தம், இந்தப் பக்கம் என் மிஷின் சத்தம். ரெண்டும் சேர்ந்து ஓடினால் எனக்கு வேலை ஓடுவதே தெரியாது.

அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவதால் அவர் மனைவி எனக்கு அண்ணி. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் அண்ணி டீயோடு பட்டறைக்கு வந்துவிடுவார். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார். அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு, முதலில் நீளமான இழைப்புளியை மடியில் படுக்க வைப்பார். திருகைக் கழற்றி, உள்ளே இருக்கிற, மரம் சீவுகிற தகட்டை எடுத்து வைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கில் அடைந்த மரத்தூளைத் தட்டுவார். தூள் இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். பிறகு காய்ந்த துணியால், குளிப்பாட்டின பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி, அழுத்தி ஒரு துடைப்பு. அப்புறம் எண்ணெய் தொட்ட துணியால் மேலாக ஒரு துடைப்பு. எண்ணெய் என்னிடம் வாங்குகிற தையல் மிஷின் எண்ணெய்தான். திருகுக்கு ஒரே ஒரு சொட்டு. கடைசியாகக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியால் கோணல்மாணலாக ஒரு கிறுக்கு.

"அடியிலயும் எண்ணெயவே தடவ வேண்டியதுதானே அண்ணி? அது ஒண்ணு, இது ஒண்ணா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அடி மரத்து மேல போறது. எண்ணெய் பட்டா மரம் குடிச்சிரும். அப்புறம் பாலிஷ் ஒட்டாது. மெழுகுன்னா வழுக்கிக்கிட்டும் போகும், வம்பும் பண்ணாது. நீ ஒட்டுத்துணி வெட்டுறவ, உனக்கு எங்க இதெல்லாம் தெரியப்போகுது?"

"ஆமா, நாத்தனார்ன்னா இளக்காரம்தான்."

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணன் பகலெல்லாம் வாயைத் திறக்க மாட்டார். வந்தவர்களிடம் தலையாட்டலிலேயே வியாபாரத்தை முடித்துவிடுவார். ஆனால் அண்ணி துடைக்க உட்கார்ந்தால் போதும், மடை திறந்த மாதிரி பேசுவார். எந்தப் பலகை முறுக்கிக்கொண்டது, மரத்தின் எந்தக் கணுவில் தகடு முகம் சுளித்தது, மில்காரன் எப்படி ஈர மரத்தைத் தலையில் கட்டப் பார்த்தான் என்று ஒன்று விடாமல். அண்ணி தலை நிமிராமல் "ம்", "அப்புறம்?" என்பார். மூன்றாவது இழைப்புளி முடிகிறபோது பேச்சும் முடிந்திருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே நான் கடையைக் கட்டுவேன். பொறாமையாக இருக்கும். என் வீட்டில் பேச எனக்கு ரேடியோதான்.

ஒருநாள் சாயங்காலம் கடைத்தெருக் கடிகாரக் கடைக்காரர் சாப்பாட்டு மேசை செய்யச் சொல்ல வந்திருந்தார். அண்ணி அப்போதுதான் துடைத்து வைத்த நீளமான இழைப்புளியை அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க? நானும் சொட்டு எண்ணெய்லயே காலம் தள்ளுறவன். இது சும்மா வராதுன்னு எனக்குத் தெரியும்."

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தாங்க பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். புகழ்ந்தால் கூச்சப்படுகிற ஜாதி அவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சிரித்துக்கொண்டே, "அவளுக்கு என்னங்க வேலை? பொழுது போகாம எண்ணெயத் தொட்டுத் தொட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருப்பா. அதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் என் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. கடிகாரக் கடைக்காரரும் சிரித்துவைத்தார். அண்ணி மீதி இரண்டையும் வழக்கம்போலத் துடைத்து, மெழுகு கிறுக்கி, இருக்கிற இடத்தில் வைத்தார். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"சும்மா பாத்துட்டு வரப் போயிருக்கா. ரெண்டு நாள்ல வந்துருவா" என்றார் அண்ணன், நான் கேட்காமலேயே.

மழைக்காலம் வேறு. ரெண்டு நாள் போனது, வாரமும் போனது. அண்ணி வரவில்லை. சாயங்காலமானால் அண்ணன் பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்து முக்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீக்கடை டீ கையில் ஆறிப்போகும். இழைப்புளிகள் மரச்சுருளுக்குள்ளேயே கிடந்தன. சுருள் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டியது. முதலில் பழுப்பாக மூட்டம் போட்டது, அப்புறம் புள்ளி, அப்புறம் சொரசொரவென்று படை. சுவர் வழியாகக் கேட்கிற சத்தமே மாறிவிட்டது. வழுக்கிப் போனது இப்போது முக்கி முனகிப் போனது.

ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கொஞ்சம் எண்ணெய் குடேன்."

"எதுக்கு அண்ணே? அதெல்லாம் ஒரு வேலையா?"

"குடுன்னா குடு. உன் நாக்குக்கும் ரெண்டு சொட்டு விட்டுக்க."

பாட்டிலையே கொடுத்தேன். சொட்டு எண்ணெய் போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் போய்விட்டார். மனுஷன் பாவம், பாதி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். மேலே, உள்ளே, திருகில், எல்லாவற்றுக்கும் மேலாக அடியில். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவருக்கு அடிக்கு மெழுகுதான் என்று தெரியவில்லை. தன் பேச்சில் இருந்த கவனம் அண்ணியின் கையில் இருந்ததில்லை. எண்ணெய் விட்டதும் வெண்ணெயாக ஓடுகிறது என்று அன்றைக்கு ஏக சந்தோஷம். கடிகாரக் கடைக்காரரின் மேசைப் பலகையை அந்த இழைப்புளியாலேயே இழைத்து முடித்தார்.

பாலிஷ் போட்டபோதுதான் வினை தெரிந்தது. பலகை முழுக்கத் திட்டுத் திட்டாகப் பாலிஷ் விலகி நின்றது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி போட்டார், மறுபடி விலகியது. பார்க்க வந்த கடிகாரக் கடைக்காரரிடம், "மரம் சரியில்லீங்க, மில்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். காது வரை சிவந்துவிட்டது. அவர் போன பிறகு பலகையின் மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துவிட்டார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நூல்கண்டு வாங்கப் போகிற சாக்கில் நானும் பஸ் ஏறினேன். அண்ணியின் தம்பி வீட்டு கேட்டைத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டு போய்ச் சுவரில் மோதியது. தாழ்ப்பாளைத் தொட்டால் கை வழுக்கியது. தம்பி மனைவி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க வாங்க. எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்க. நாத்தனார்னு நான் குறை சொல்லல, தங்கமானவங்கதான். ஆனா சாயங்காலம் ஆனா எண்ணெயத் தூக்கிருவாங்க. கதவு, ஜன்னல், பசங்க சைக்கிள், கத்திரிக்கோல், ஒண்ணு பாக்கி இல்ல. நேத்து இவரு குடைய விரிச்சாரு, துணி தனியா கம்பி தனியா வந்துருச்சு. வீட்ல எதத் தொட்டாலும் வழுக்குது."

அண்ணி கொல்லைப்புறத்தில் ஒரு பூட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் நன்றாக இருக்கிறாரா, சாப்பிட்டாரா என்று கேட்பார் என்று பார்த்தேன்.

"துருப் புடிச்சிருச்சா?" என்றார்.

"புடிச்சிருச்சு அண்ணி."

"எது? பெரிசா, சின்னதா?"

"மூணும்தான்."

கண்ணை மூடிக்கொண்டார். "சின்னதுல தகடுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கும். அங்கதான் மொதல்ல புடிக்கும். சுருளுக்குள்ளயே போட்டு வெச்சிருப்பாரே?"

"ஆமா."

"பக்கவாட்டுல படுக்க வைக்கணும். தகட்டு முனை தரையில படக் கூடாது. எத்தனை தடவ..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "எனக்கு என்ன வந்துச்சு? அது என்ன ஒரு வேலையா?"

நான் மேசைக் கதையைச் சொன்னேன். எண்ணெயை அடியில் பூசியதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"சாயங்காலம் ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார் பிறகு. "இங்க பூட்டு இருக்கு, கதவு இருக்கு. தொடைக்கிறேன். ஆனா எதிர உக்காந்து யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. இன்னிக்கு என்ன மரம் இழைச்சாரு, எந்தக் கணு தகராறு பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாம ஒரு நாளும் தூங்குனதில்ல நான். இப்ப ஒண்ணும் தெரியல."

"அப்ப வாங்களேன் அண்ணி. உங்களுக்கும் வீம்பு, அவருக்கும் வீம்பு."

"எனக்கு வீம்பு இல்ல. வந்துருவேன். ஆனா அந்தக் கடிகாரக் கடைக்காரர் முன்னாடி சொன்னாருல்ல? அவர் முன்னாடியே அது வேலைதான்னு சொல்லட்டும். எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

திரும்பி வந்து அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தேன். "அந்தாளு முன்னாடியா?" என்று அரண்டுபோனார். மன்னிப்புக் கேட்கக்கூடத் தயாராக இருந்தார் போலிருக்கிறது, ஆனால் வீட்டுக்குள். வெளியாள் முன்னால் நாலு வார்த்தை பேசுவது அவருக்கு மலையைப் புரட்டுகிற வேலை.

கடிகாரக் கடைக்காரர் மேசையைக் கேட்டு வந்த அன்றைக்கு நான் துணி வெட்டுகிற சாக்கில் பட்டறை வாசலுக்கே பலகையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மரத்து மேல தப்பில்லீங்க."

"அப்புறம்?"

"எண்ணெய். நான்தான் அடியில பூசிட்டேன். என் வீட்ல இல்ல. அவ இருந்தா இப்படி ஆகியிருக்காது. அன்னிக்கு உங்க முன்னாடி, அது ஒரு வேலையான்னு சொன்னேன். அது வேலைதாங்க. அவ பாதி செஞ்சு வெச்சதுக்கு மேலதான் நான் இவ்வளவு நாளா இழைச்சிருக்கேன். எனக்கே தெரியல."

கடிகாரக் கடைக்காரர் திகைத்துப்போனார். "நல்லதுங்க. ஆனா இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

"அவதாங்க உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

நான் அங்கேயே நின்று அண்ணிக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"கண்ணு கலங்குச்சா?"

"தெரியல அண்ணி. வேர்த்துக் கொட்டுச்சு."

"அது எப்பவும் கொட்டும்" என்றார். குரல் இளகியிருந்தது. "தம்பிகிட்ட சொல்லிட்டுப் பொறப்படறேன்னு சொல்லு."

அதைச் சொன்னதும் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. புதுப் பலகை வாங்கிவந்தார். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு மூன்று இழைப்புளியையும் தேய் தேய் என்று தேய்த்தார். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார். அண்ணி செய்து நான் பார்த்ததை ஞாபகப்படுத்திச் சொல்வேன். பிறகு ஒரு யோசனையோடு வந்தார்.

"தங்கச்சி, மெல்லிசு பருத்தித் துணியில ஒரு ஜோடி கையுறை தைச்சுக் குடேன். போட்டுக்கிட்டு இழைச்சா வேர்வையே இரும்புல படாது. துருவே புடிக்காது. இத்தன வருஷம் கஷ்டப்பட்டா. இனிமே அவளுக்கு அந்த வேலையே வேண்டாம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. விரல் விரலாக அளவெடுத்து, உள்ளே தையல் உறுத்தாமல் மடித்து, ரெண்டு ஜோடி தைத்துக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டே புது மேசையை இழைத்து முடித்துக் கடிகாரக் கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். இழைப்புளியில் ஒரு புள்ளி விழவில்லை.

அண்ணி வந்தது மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில். வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராகப் பட்டறைக்கு வந்தார். நான் மிஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு என்ன தையல் வேண்டிக்கிடக்கிறது?

"வந்துட்டியா" என்றார் அண்ணன்.

"வந்துட்டேன்."

"இங்க பாரேன்."

பெஞ்சின் மேல் மூன்றும் பக்கவாட்டில் படுத்திருந்தன. அண்ணி கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நீளமானதன் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தார். தூள் இல்லை. சின்னதைக் கவிழ்த்தார். மெழுகு சரியாக ஏறியிருந்தது. தகடுக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக வெளியே வந்தது.

"யாரு பண்ணது?"

"நான்தான்."

"கையில என்ன?"

அண்ணன் ரெண்டு கையையும் பெருமையாக நீட்டிக் காட்டினார். "தங்கச்சி தைச்சுக் குடுத்துச்சு. இதப் போட்டுக்கிட்டா துருங்கற பேச்சே இல்ல. இனிமே நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சாயங்காலம் நிம்மதியா வீட்ல உக்காரு."

அண்ணி சின்னதை அது இருந்த இடத்திலேயே வைத்தார். "நல்லதுதான்" என்றார். "நல்லா பண்ணியிருக்கீங்க." முகம் செத்துப்போயிருந்தது. முக்காலியின் மேல் வார்னிஷ் டப்பா இருந்தது. அவருக்கு உட்கார இடமில்லை. தோளில் இருந்த பையை இறக்காமலே என்னிடம், "திரும்பிப் போக பஸ் எப்ப?" என்றார்.

பார்த்துப் பார்த்துத் தைத்த அந்தக் கையுறையை அந்த நிமிஷமே கத்திரிக்கோலால் வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. அண்ணி திரும்பி வந்தது நிம்மதியாக உட்காருவதற்கா? எப்போது பஸ் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டிவிட்டேன்.

அண்ணன் எதுவும் விளங்காமல் நின்றார். அண்ணியைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறிவிட்டது. இடது கையுறையைக் கழற்றினார். வலது கையுறையையும் கழற்றினார். உள்ளங்கை ரெண்டும் நீரில் நனைத்து எடுத்த மாதிரி மினுங்கின. நீளமான இழைப்புளியின் பளபளக்கிற விலாவில் வலது கையை விரித்து அழுத்தி வைத்தார். எடுக்கவில்லை. இடது கையை நடுத்தரமானதன் மேல் வைத்தார்.

"என்ன பண்றீங்க?" அண்ணியின் குரல் உயர்ந்தது. "இந்த ஈரத்துல காலையில புடிச்சிருமே!"

"புடிக்கட்டும்."

"புடிக்கட்டும்னா? யாரு தொடைக்கிறது?"

"நீ இருந்தா தொடை. இல்லன்னா எனக்கு அது துருப் புடிச்சே கெடக்கட்டும்."

அண்ணி பையைத் தரையில் வைத்தார். வார்னிஷ் டப்பாவை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"கைய எடுங்க. கூறுகெட்ட மனுஷன். குடுங்க இப்படி" என்றார்.

நான் என் மிஷினுக்குத் திரும்பினேன். அன்றைக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை.